மூக்கில் குமிழி, சாய்ந்து நீந்தும் ஆமை: எந்த ஆன்டிபயாட்டிக் ஆபத்தில்லாதது?

தாமரையிலை | திங்கள், இரவு 9.50

வணக்கம் நண்பர்களே. வீட்டில் ஒரு சிவப்புக்காது ஆமை வளர்க்கிறோம். இரண்டு வயது, பெயர் குண்டு. நாலு நாளாகத் தீனியைத் தொடவில்லை. மூக்கில் சின்னச் சின்னதாகக் குமிழி வருகிறது. நீந்தும்போது வலப்பக்கம் தாழ்ந்துபோய், இடப்பக்கம் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. இன்று காலை கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. கொட்டாவி விடுகிறது என்று பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவர் நாயும் மாடும் பார்ப்பவர். "ஆமைக்கு நான் ஊசி போட்டதே இல்லை, டோஸ் தெரியாமல் கை வைக்க மாட்டேன்" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பது பையனுக்கு வாங்கி மீந்த அமாக்ஸிசிலின் சிரப், அப்புறம் மீன் தொட்டியில் கரைக்கிற ஆன்டிபயாட்டிக் பொடி ஒரு பொட்டலம். என்ரோஃப்ளாக்ஸசின் ஊசிதான் போட வேண்டும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அதைப் போட்டால் கால் புண்ணாகிவிடும் என்கிறார் இன்னொருவர். எதைப் பயமில்லாமல் கொடுக்கலாம்? எடை அரைக் கிலோ இருக்கும்.

சுடச்சுட | திங்கள், இரவு 10.05

அமாக்ஸிசிலினே போதும். நம் குழந்தைக்கே கொடுக்கிற மருந்து, ஆமையை என்ன செய்துவிடப் போகிறது? என் ஆமைக்கு இதே மாதிரி குமிழி வந்தபோது இரண்டு சொட்டு வாயில் விட்டேன். மூன்றே நாளில் சரி.

பாசிக்கல் | திங்கள், இரவு 10.40

சுடச்சுட தம்பி, ஆமைக்கு மூன்று நாளில் பசியே எடுக்காது, வியாதி எப்படிப் போகும்? நிஜமாகவே நுரையீரலில் தொற்று இருந்தால் தேறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். உங்களுடையது தண்ணீரை மூக்கில் ஏற்றிக்கொண்ட ஆமையாக இருந்திருக்கும்.

தாமரையிலை, இரண்டு மருந்தையும் ஓரமாக வைத்துவிட்டு மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். தண்ணீர் எத்தனை டிகிரி? விளக்குக்குக் கீழே அது ஏறிக் காயும் மேடை எத்தனை டிகிரி? அரைக் கிலோ என்பது தராசு சொன்னதா, உங்கள் கை சொன்னதா?

ஏன் கேட்கிறேன் என்றால், ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். குளிரில் கிடந்தால் ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பு அணுக்களும் தூங்கும், செலுத்திய மருந்தும் உடம்பில் சரியாகப் பரவாது, கழியவும் செய்யாது. புத்தகத்தில் போட்டிருக்கும் டோஸ் எல்லாம் சரியான சூட்டில் இருக்கும் ஆமைக்கு எழுதியது.

அந்தப் பொடியைத் தயவுசெய்து தொட்டியில் போடாதீர்கள். மீனுக்குச் செவுள் இருக்கிறது, தண்ணீர் ஓயாமல் அதன் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். ஆமை நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி. தண்ணீரில் கரைத்த மருந்து அதன் உடம்புக்குள் எவ்வளவு போனது, போனதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்று வாழும் நல்ல பாக்டீரியாவுக்கு அது நிச்சயம் போய்ச் சேரும். இரண்டு நாளில் தண்ணீர் நாறும், அம்மோனியா ஏறும், ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கிற ஆமைக்குக் கண்ணும் எரியும். நான் இந்தத் தப்பைச் செய்தவன், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

தாமரையிலை | திங்கள், இரவு 11.15

அண்ணா, இப்போதுதான் தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் 21 டிகிரி. ஹீட்டர் இல்லை. விளக்கு போன மாதம் ஃப்யூஸ் ஆனது, மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சமையலறைத் தராசில் வைத்தேன், 250 கிராம்! ஓட்டைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

பாசிக்கல் | திங்கள், இரவு 11.25

பாருங்கள், அரைக் கிலோ என்று கணக்குப் போட்டிருந்தால் எந்த மருந்தானாலும் இரண்டு மடங்கு போயிருக்கும். எடை என்றால் ஓட்டோடு சேர்த்துத்தான், அதைக் கழிக்க வேண்டாம். முதலில் ஹீட்டர் போட்டு 28 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், சடாரென்று ஏற்றாமல் ஒரு நாளில் மெதுவாக. மேடை 32 முதல் 35 வரை. ஒரு வாரம் பாருங்கள், பாதி வியாதி சூட்டிலேயே போகும். அப்புறம் மருந்தைப் பற்றி யோசிக்கலாம்.

ஓட்டுவைத்தியர் | செவ்வாய், காலை 6.30

ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் நான். பாசிக்கல் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒன்று, "ஒரு வாரம் பாருங்கள்".

குமிழி மட்டும் இருந்தால், தீனி எடுத்துக்கொண்டிருந்தால், சூட்டை ஏற்றிவிட்டுச் சில நாள் பார்க்கலாம். ஆனால் வாயைத் திறந்து மூச்சு விடுவதும் சாய்ந்து நீந்துவதும் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, இருமிச் சளியைத் துப்பத் தெரியாது. நுரையீரலில் சேர்ந்தது அங்கேயே கிடக்கும். சளி சேர்ந்த பக்கம் கனமாகிறது, அதனால்தான் குண்டு ஒருபக்கம் தாழ்கிறது. வயிற்றில் வாயு, பெண் ஆமையானால் முட்டை தங்கிப்போவது, இவற்றாலும் மிதப்பு கோணலாகும். எக்ஸ்ரே பார்க்காமல் நிமோனியா என்று சத்தியம் செய்ய முடியாது. நுரையீரல் மேலோட்டை ஒட்டியிருப்பதால், ஆமையை நேராக வைத்து முன்பக்கமிருந்து படுக்கைவாட்டில் எடுக்கும் படத்தில்தான் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட முடியும். உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி மருந்து. அமாக்ஸிசிலின் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளும் மருந்துதான், ஆனால் இங்கே குறி தப்பும். ஆமைகளின் நுரையீரலில் நாங்கள் அடிக்கடி பார்ப்பவை சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் மாதிரி கிராம்-நெகட்டிவ் என்ற வகைப் பாக்டீரியாக்கள். சூடோமோனாஸுக்கு அமாக்ஸிசிலின் ஒரு பொருட்டே இல்லை.

முதலில் எதை எடுப்பேன் என்று கேட்டால், செஃப்டாசிடிம். கிலோவுக்கு 20 மில்லிகிராம், 72 மணி நேரத்துக்கு ஒரு ஊசி என்பது ஆமைகளுக்குப் பரவலாகப் பின்பற்றும் அளவு. நாய்க்கு ஒரே நாளில் பல முறை போட வேண்டியதை ஆமைக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை போட்டால் போதும், அவ்வளவு மெதுவாகக் கழிக்கிறது அதன் சிறுநீரகம். சூடோமோனாஸைப் பிடிக்கும், போட்ட இடத்தில் பெரிதாக எரியாது, சிறுநீரகத்துக்கும் கெடுதல் குறைவு. அளவில் கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்கும் மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மன்னிக்காத மருந்து அமிக்காசின், ஜென்டாமைசின். வேலை செய்யும், சந்தேகமில்லை. ஆனால் நாலு நாள் தின்னாமல் நீர் வற்றிப்போன ஆமைக்கு அதைப் போட்டால் சிறுநீரகம் போய்விடும், யூரிக் அமிலம் உறுப்புகளில் உப்பாகப் படியும். கிருமி செத்து ஆமையும் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைத் தொட வேண்டுமானால் முதலில் நீர்ச்சத்து ஏற்றி, ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொண்டே போட வேண்டும்.

எந்த ஊசியானாலும் முன்காலில், தோள்பக்கம். பின்காலில் போடும் மருந்து உடம்பெங்கும் சுற்றுவதற்கு முன்னால் சிறுநீரகத்தின் வழியாகப் போகிற ஒரு ரத்தவழி ஊர்வனவற்றுக்கு உண்டு. அது எவ்வளவு பெரிய பாதிப்பு என்பதில் எங்களுக்குள்ளேயே வாதம் உண்டு. முன்காலில் போடுவதால் நஷ்டம் எதுவும் இல்லை என்பதால் நான் வாதம் செய்வதில்லை.

சித்திரைவெயில் | செவ்வாய், காலை 8.10

என்ரோஃப்ளாக்ஸசினைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே டாக்டர்? என் ஆமைக்குப் பத்து நாள், தினம் ஒன்று, ஒரே காலில் போட்டார்கள். ஐந்தாம் நாள் கால் வீங்கியது. எட்டாம் நாள் தோல் கறுத்து, செதில் மாதிரி உரிந்து விழுந்தது. சளி போனது, ஆனால் அந்தக் காலை இன்றைக்கும் இழுத்துத்தான் நடக்கிறது. அந்த மருந்தைத் தடை செய்ய வேண்டும் என்பேன்.

ஓட்டுவைத்தியர் | செவ்வாய், மதியம் 1.20

வருத்தமாக இருக்கிறது சித்திரைவெயில். ஆனால் தடை செய்யச் சொல்லாதீர்கள், அது நல்ல மருந்து. கோளாறு ஊசிக் கரைசலில் இருக்கிறது. அதன் காரத்தன்மை மிக அதிகம். தசைக்குள் போனதும் எரியும், அந்த இடத்துச் சதை செத்துப்போகலாம், கிருமியே இல்லாமல் கட்டி பிடிக்கலாம். அதே காலில் மறுபடி மறுபடி போட்டால் நீங்கள் பார்த்ததுதான் நடக்கும். நான் போடுவதானால் முதல் ஊசி மட்டும், அதுவும் சலைன் (உப்புநீர்) கலந்து நீர்க்கச் செய்து. மீதி நாட்களுக்கு வாய்வழி. கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் என்ற அளவில் நாளுக்கு ஒரு முறையோ ஒன்றுவிட்ட நாளோ கொடுப்பது வழக்கம். வாயே திறக்காத ஆமைக்கு அது முடியாது, அங்கேயும் செஃப்டாசிடிம்தான் ஜெயிக்கிறது.

பாசிக்கல் | செவ்வாய், மதியம் 2.00

சரி டாக்டர், ஒரு வாரத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வீட்டிலேயே ஊசி போடச் சொல்லிவிடாதீர்கள். 250 கிராம் ஆமைக்கு எத்தனை சொட்டு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தலை சுற்றுகிறது.

ஓட்டுவைத்தியர் | செவ்வாய், மதியம் 2.45

சுற்றத்தான் வேண்டும். 250 கிராமுக்கு 5 மில்லிகிராம். ஒரு கிராம் குப்பியைக் கரைத்து, மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று வைத்தால் 0.05 மில்லிலிட்டர். 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் 5 யூனிட். புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்தால் 50 யூனிட், பத்து மடங்கு. அதனால்தான் முதல் ஊசியை மருத்துவர் போட வேண்டும். மீதியை அவரே அளந்து சிரிஞ்சுகளில் நிரப்பிக் கொடுத்துவிடலாம். கரைத்த செஃப்டாசிடிம் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம்தான் தாங்கும், உறைய வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். போடுவதற்கு முன் கையில் வைத்து உருக விடுங்கள், வெந்நீரில் போடாதீர்கள், உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

வேப்பங்குச்சி | செவ்வாய், மாலை 5.30

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் நாய்க்குப் போட்ட ஐவர்மெக்டின் ஊசி மருந்து மிச்சம் இருக்கிறது. புழுவாலும் மூச்சுத் திணறும் என்கிறார்களே, ஆன்டிபயாட்டிக்கோடு அதையும் சேர்த்துப் போட்டுவிட்டால்?

ஓட்டுவைத்தியர் | செவ்வாய், மாலை 5.34

வேண்டாம். வேண்டவே வேண்டாம். ஆமை இனம் எதற்கும் ஐவர்மெக்டின் கூடாது. கைகால் வாதம் வந்து, மூச்சு நின்று செத்துப்போகும். இது 1983-லேயே ஆய்வில் பதிவான விஷயம். பாம்புக்கும் பல்லிக்கும் கொடுக்கிறார்களே என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த இழையில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

கள்ளிச்செடி | செவ்வாய், இரவு 9.00

என்னிடம் இருப்பது தரை ஆமை. வருஷத்தில் மூன்று தடவை மூக்கு ஒழுகும். ஒவ்வொரு தடவையும் செஃப்டாசிடிம் போடுகிறோம், கொஞ்சம் அடங்குகிறது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. டோஸைக் கூட்ட வேண்டுமா?

ஓட்டுவைத்தியர் | செவ்வாய், இரவு 10.10

கூட்டினாலும் பலன் இருக்காது என்பது என் ஊகம். தரை ஆமைகளுக்குத் திரும்பத் திரும்ப மூக்கு ஒழுகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மைக்கோபிளாஸ்மா. அந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. செஃப்டாசிடிமும் பெனிசிலின் வகைகளும் செல்சுவரைத்தான் தாக்குகின்றன. இல்லாத சுவரை எப்படி இடிப்பது? கூடவே வந்த மற்ற கிருமிகள் அடங்குவதால் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிகிறது. டாக்ஸிசைக்ளின், கிளாரித்ரோமைசின் போன்றவை அறிகுறியைக் கட்டுப்படுத்தும், ஆனால் கிருமியை அடியோடு ஒழிப்பது அரிது. ஆமை வாழ்நாள் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கலாம். அதனால் புது ஆமையை அதோடு சேர்த்து விடாதீர்கள். வாய்க்குள் வெள்ளைப் படலமும் இருந்தால் ஹெர்பிஸ் வைரஸையும் நினைக்க வேண்டும், அதற்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாது. இரண்டையும் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். நாலாவது தடவை ஊசி போடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

இன்னொன்று. இலைதழை தின்னும் ஆமைக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக்கை நாள்கணக்கில் கொடுத்தால் குடலில் நாரைச் செரிக்கிற நல்ல கிருமிகளும் அடிவாங்கும். ஊசியாகக் கொடுக்க முடிகிற இடத்தில் ஊசியே மேல்.

மல்லிச்சரம் | புதன், காலை 7.45

எங்கள் நீர் ஆமைக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருக்கிறது. மனிதர்களுக்கான ஆன்டிபயாட்டிக் கண் சொட்டு விடலாமா?

பாசிக்கல் | புதன், காலை 8.20

என்ன தீனி போடுகிறீர்கள்? காய்ந்த இறால் மட்டும் போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ குறைந்து இப்படி ஆகும், சொட்டு மருந்தால் மட்டும் கண் திறக்காது. காதுப் பக்கம் உருண்டையாக வீங்கும் கட்டிக்கும் அதே குறை அடியில் இருக்கலாம். அந்தக் கட்டியில் சீழ் திரவமாக இருக்காது, பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாக இருக்கும். எந்த ஆன்டிபயாட்டிக்கும் உள்ளே போகாது, கீறித்தான் எடுக்க வேண்டும்.

ஓட்டுவைத்தியர் | புதன், காலை 9.05

சொட்டு மருந்துப் பெட்டியில் டெக்ஸாமெதசோன், பிரட்னிசோலோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அவை ஸ்டீராய்டு, கருவிழியில் புண் இருந்தால் கண்ணையே கெடுத்துவிடும். வைட்டமின் ஏ-யை ஊசியாக ஏற்ற அவசரப்படவும் வேண்டாம், அளவு மிஞ்சினால் தோல் பாளம் பாளமாக உரியும். தீனியில் மாற்றம் கொண்டுவருவதுதான் நிதானமான வழி.

தாமரையிலை | வெள்ளி, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. எங்கள் மருத்துவரிடம் இந்த இழையையே காட்டினேன். கோபிப்பார் என்று பயந்தேன், உட்கார்ந்து முழுதும் படித்தார். ஊர்வன பார்க்கும் தோழி ஒருவரோடு போனில் பேசிவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலது நுரையீரல் முழுக்க வெண்மையாக இருக்கிறது. மருந்து போடுவதற்கு முன்பே மூச்சுக்குழாயில் கொஞ்சம் சலைன் விட்டு உறிஞ்சி, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினார். ஆன்டிபயாட்டிக் உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் முடிவு ஏமாற்றும் என்றார். தோலுக்கடியில் நீரும் ஏற்றினார். முதல் செஃப்டாசிடிம் போட்டாயிற்று. தண்ணீர் இப்போது 28 டிகிரி, புது விளக்கும் வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் ஆழம் குறைந்த வெதுவெதுப்பான நீரில் விடுகிறோம், மற்ற நேரம் சூடான இடத்தில் உலர வைத்திருக்கிறோம்.

ஒரு சந்தேகம். குண்டு எங்கள் பிள்ளைகளோடுதான் வளர்கிறது. ஆமையிடமிருந்து சால்மோனெல்லா வரும் என்கிறார்களே, இந்த மருந்தில் அதுவும் சேர்ந்து ஒழிந்துவிடுமா?

ஓட்டுவைத்தியர் | வெள்ளி, இரவு 9.40

ஒழியாது, ஒழிக்கப் பார்க்கவும் கூடாது. சால்மோனெல்லா ஆமையின் குடலில் நோயில்லாமல் குடியிருப்பது. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு நிறையத் தொற்று வந்ததால் 1975-ல் 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடு உள்ள ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். ஏற்றுமதிப் பண்ணைகள் முட்டைகளை ஜென்டாமைசின் கரைசலில் முக்கி எடுத்துச் சுத்தமான குட்டி என்று அனுப்பின. கடைசியில் ஜென்டாமைசினுக்கு அசையாத சால்மோனெல்லாவோடு குட்டிகள் போய்ச் சேர்ந்தன. ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை இருந்தால் தொடவே விடாதீர்கள். அந்தச் சமையலறைத் தராசையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

தாமரையிலை | நாலு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.15

குண்டின் கதை. கல்ச்சரில் வந்தது சூடோமோனாஸ். அமாக்ஸிசிலினுக்கு அசையவில்லை, செஃப்டாசிடிமுக்கு அடங்கும் என்று முடிவு. முதல் மூன்று ஊசி வரை எந்த மாற்றமும் இல்லை. மருந்தை மாற்றலாமா என்று நான்தான் மருத்துவரைத் தொல்லை செய்தேன், பொறுங்கள் என்றார். நாலாவது ஊசிக்கு மறுநாள் ஒரு மண்புழுவை இழுத்தது. ஆறாவதில் குமிழி நின்றது. எட்டு ஊசியோடு நிறுத்தியாயிற்று. இரண்டாவது எக்ஸ்ரேயில் இன்னும் ஒரு மெல்லிய நிழல் இருக்கிறது, மறைய நாளாகும் என்றார். இப்போது நேராக நீந்துகிறது. எடை 265 கிராம். இடது முன்காலில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டதால் புண் எதுவும் இல்லை.

ஃப்ரீஸரில் இரண்டு சிரிஞ்ச் மீந்திருக்கிறது. அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாமா?

ஓட்டுவைத்தியர் | ஞாயிறு, காலை 11.00

வேண்டாம், மருத்துவரிடமே திருப்பிக் கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை அதே கிருமிதான் வரும் என்று யார் சொன்னது?

சுடச்சுட | ஞாயிறு, காலை 11.20

தாமரையிலை அக்கா, தூக்கிப் போடுவதாக இருந்தால் அந்த இரண்டையும் எனக்குக் கொடுத்துவிடுங்களேன். என் ஆமைக்கு மறுபடியும் மூக்கில் குமிழி வருகிறது.

பாசிக்கல் | ஞாயிறு, காலை 11.22

தம்பி, தண்ணீர் எத்தனை டிகிரி?